உலர்ந்த மையும் அடைபட்ட துளையும்

புணே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மே மாதம் ஊருக்குப் புறப்படும் மாதம். பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் சென்னைக்கோ மதுரைக்கோ நெல்லைக்கோ ரயிலேறிவிடுகிறோம். புறப்படுமுன் சமையல் எரிவாயுவை மூடி, மின்விசைகளை ஒவ்வொன்றாக அணைத்து, கதவைப் பூட்டித் திறவுகோலை அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பது வழக்கம். ஜூன் மாத நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. திரும்பி வந்தவுடன் பள்ளிக்குரிய படிவமோ, ஆதார் அட்டையின் பிரதியோ, பிள்ளையின் செய்முறைப் பாடத்திற்கான படமோ அச்சிட வேண்டியதாகிறது. மேசைமேல் வாரக்கணக்கில் உறங்கிக் கிடந்த அச்சு யந்திரத்தை இயக்கினால் தாள் வெண்மையாகவே வெளிவருகிறது. அல்லது எழுத்துக்களின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. நீல வானம் ரோஜா நிறமாக வந்து நிற்கிறது. பழுது பார்ப்பவரை அழைத்தால், ‘ஹெட் போய்விட்டது’ என்று இரண்டே சொற்களில் தீர்ப்புக் கூறிவிடுகிறார். அதை மாற்றும் செலவோ சில வேளைகளில் புதிய யந்திரத்தின் விலையையே நெருங்கிவிடுகிறது.

ஆயினும் பல வீடுகளில் உண்மையில் எதுவும் போய்விடுவதில்லை. மை உலர்ந்துவிடுகிறது, அவ்வளவே. உலர்ந்ததை நனைத்து இளகச் செய்ய இயலும். அதற்கு வேண்டுவன சிறிது வடிநீர், ஒரு மெல்லிய துணி, ஓரிரவுப் பொறுமை. எங்கே கைவைக்கலாம், எங்கே கைவைக்கலாகாது என்னும் அறிவும் உடன் வேண்டும். அதனை விளக்கவே இங்கு முற்படுகிறோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கலைச்சொல் ஆக்குவோர் இவ்வகை யந்திரத்தை ‘மைபீச்சு அச்சுப்பொறி’ என்றும் ‘மைத்தெறிப்பு அச்சுப்பொறி’ என்றும் வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இரண்டும் பிடித்தமானவையே. ஆனால் தாப்கீர் கல்லியில் நின்றுகொண்டு இவற்றைக் கூறிப் பயனில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் ‘இங்க்ஜெட் பிரிண்டர்’ என்றால்தான் விற்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ஆகவே யந்திரத்திற்குக் கடைத்தெருப் பெயரையே வைத்துக்கொள்வோம். மை வெளிப்படும் துவாரத்தை மட்டும் நுண்துளை என்றும், அத்துளைகள் அமைந்த பகுதியை அச்சுத்தலை என்றும் அழைப்போம்.

இந்த நுண்துளை எவ்வளவு நுண்ணியது? மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். துளையின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான். ஒரு மயிரைக் கூட நுழைக்க இயலாத துளை அது. அதிலிருந்து வெளிப்படும் துளியை அளக்க லிட்டர், மில்லிலிட்டர் எவையும் உதவா. ஒரு லிட்டர் மையை லட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால் வரும் ஒரு கூறு பிக்கோலிட்டர் எனப்படும். அத்தகைய கூறுகள் சில சேர்ந்ததே ஒரு துளி. 1984ஆம் ஆண்டு எச்.பி. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘திங்க்ஜெட்’ யந்திரத்தின் தலையில் 12 துளைகள் இருந்தன. இன்று மேசைமேல் இருக்கும் சாதாரண யந்திரத்தின் தலையிலோ நூற்றுக்கணக்கானவை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பத்துத் துளைகள் அடைபட்டாலும் தாளில் அது கோடாகத் தெரிந்துவிடும்.

மைத்துளியை வெளியே தள்ள இரு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று வெப்ப வழி. 1977இல் ஜப்பானில் கானன் நிறுவனத்து ஆய்வாளர் இச்சிரோ எண்டோ என்பவரின் ஆய்வுக்கூடத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிறைந்த சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. அதிலிருந்து பிறந்ததே இவ்வழி. துளைக்குப் பின்னே உள்ள சின்னஞ்சிறு மின்தடை கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த பொழுதில் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அதன்மேல் உள்ள மை கொதித்துக் குமிழாகிறது. குமிழ் முன்னேயுள்ள மையைத் துளியாக வெளியே தள்ளுகிறது. குமிழ் அடங்கியதும் புதிய மை உள்ளே இழுக்கப்படுகிறது. எச்.பி., கானன் நிறுவனங்களின் யந்திரங்கள் பெரும்பாலும் இவ்வகையின.

மற்றொன்று அழுத்த வழி. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்பதை 1880இல் பிரான்சு நாட்டில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். மறுதலையாக, மின்சாரத்தைச் செலுத்தினால் அப்பொருள் சிறிதளவு வளைந்து கொடுக்கும். மை அறையின் சுவரில் அத்தகைய பொருளை வைத்து, அதை வளையச் செய்து மையைப் பிதுக்குவதே இவ்வழி. எப்சன், பிரதர் யந்திரங்கள் இதைக் கையாளுகின்றன. இங்கு வெப்பம் இல்லை. தலை நெடுநாள் உழைக்கும். அதனால் அதை யந்திரத்தோடு நிலையாகப் பொருத்திவிடுகிறார்கள். வெப்ப வகையில் தலையின் விலை குறைவு. பலவற்றில் மைப்பெட்டியாகிய கார்ட்ரிட்ஜின் அடியிலேயே தலை அமைந்திருக்கும். மைத்தொட்டி உள்ள வெப்ப யந்திரங்களிலும் தலையைத் தனியே கழற்ற இடமளிப்பவை உண்டு. நம் வீட்டு யந்திரம் எவ்வகை என்பதை நேயர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வைத்திய முறை அதைப் பொறுத்தே மாறுகிறது.

இனி மையைக் காண்போம். இந்த மையிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரு குணங்கள். தாளில் பட்ட கணத்திலே அது உலர வேண்டும். துளையின் வாயில் காத்திருக்கும்போது உலரவே கூடாது. ஒரே திரவம் இரண்டிற்கும் எவ்வாறு இணங்கும்?

இக்கேள்வி புணே நகருக்குப் புதியதன்று. சிவாஜிநகர்ப் பகுதியில் மணிக்கூண்டுடன் கூடிய பழைய கல் கட்டடம் ஒன்று உண்டு. அங்குள்ள நாற்சந்திக்கு ‘சிம்லா ஆபீஸ்’ என்று பெயர். மலைவாசஸ்தலமாகிய சிம்லாவுக்கு இங்கே என்ன வேலை என்று புதிதாக வருவோர் வியப்பதுண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இக்கட்டடத்திற்கு மாற்றப்பட்டது. 1944இல் தலைமையகம் டில்லிக்குச் சென்றது, கருவிகளைப் பற்றிய பணி இங்கேயே தொடர்ந்தது, பெயரும் தங்கிவிட்டது.

வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றைத் தாமே வரைந்து வைக்கும் கருவிகள் நெடுங்காலம் வானிலை நிலையங்களில் பணியாற்றின. கடிகாரப் பொறியால் சுழலும் உருளை ஒன்று. அதன்மேல் சுற்றிய கோடிட்ட தாள். நீண்ட நெம்புகோலின் நுனியில் மை நிரப்பிய சிறு பேனா. உருளை ஒரு நாளில், அல்லது ஒரு வாரத்தில், ஒரு சுற்றுச் சுற்றும். அத்தனை காலமும் பேனாவின் நுனி ஈரமாகவே இருந்தாக வேண்டும். பள்ளிக்கூட மையை அதில் விட்டால் புணேயின் வேனிற்காற்றில் அது சில மணி நேரத்தில் காய்ந்து, வரைபடம் பாதியிலே நின்றுவிடும். ஆகவே அந்த மையில் கிளிசரினைக் கலந்தார்கள். கிளிசரின் ஈரத்தை விடாது பற்றிக்கொள்ளும் இயல்புடையது. காற்றிலுள்ள ஈரத்தையும் தன்பால் இழுத்துக்கொள்ளும். அதனால் பேனாவின் நுனி காயாமல் நிற்கும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. மழைக்காலத்தில் அதே கிளிசரின் அளவுக்கு மீறி ஈரத்தை இழுத்துப் பேனாவில் மை பெருகித் தாளில் ஒழுகுவதுண்டு. ஆகவே தாளை மாற்றும்போதே பேனாவைக் கழுவிப் புதிய மை இடுவதும் கருவியைக் கவனிப்பவரின் கடமையாயிற்று. இன்று மின்னணுக் கருவிகள் அப்பேனாக்கள் பலவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. பேனாவின் நோய் மட்டும் நம் வீட்டு மேசைக்கு இடம்பெயர்ந்து வந்திருக்கிறது.

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீரே. அதனோடு சாயம், கிளிசரின், அதன் உறவினவாகிய கிளைக்கால் வகைகள், தாளில் எளிதில் ஊறச் செய்யும் பொருள், பூசணம் பிடிக்காமல் காக்கும் பொருள் ஆகியவை சேர்ந்துள்ளன. தாளின் நார்கள் திரவத்தை உறிஞ்சிக்கொள்வதால் அங்கே மை உடனே உலர்ந்ததுபோலாகிறது. துளையின் வாயிலோ உறிஞ்ச எதுவும் இல்லை. காற்று ஒன்றுதான் பகை. திறந்த துளையிலிருந்து தண்ணீர் மெல்ல ஆவியாகப் போகப் போக, எஞ்சிய மை முதலில் தேன்போலவும் பின்பு கோந்துபோலவும் இறுகுகிறது. முதலில் துளி நேராகப் பாயாமல் கோணலாகப் பாய்கிறது; பின்பு பாயவே மறுக்கிறது. ஏப்ரல் மாதப் பிற்பகலில் இந்நகரின் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 20, 25 என்ற அளவுக்கு இறங்குவது இயல்பு. அதே காற்று ஆகஸ்டில் ஈரம் சுமந்து கனத்திருக்கும். ஆகவேதான் ஆடியில் அடங்கியிருக்கும் நோய் சித்திரையில் தலைதூக்குகிறது.

மையிலும் இருவகை உண்டு. சாயம் நீரில் முழுதும் கரைந்திருப்பது ஒருவகை. வண்ணப்பொடியின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதந்து நிற்பது மற்றொருவகை. கரைந்த சாயம் உலர்ந்தாலும் மீண்டும் நீர் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். துகள் மை அவ்வாறு எளிதில் இணங்குவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட துகள்கள் மறுபடி பிரிய நேரம் பிடிக்கும். பல யந்திரங்களில் கறுப்பு மை மட்டும் துகள் வகையாகவும், ஏனைய நிறங்கள் சாய வகையாகவும் இருக்கின்றன. எல்லா நிறமும் நன்றாக வரும்போது கறுப்பு மட்டும் பிடிவாதம் செய்வதன் காரணம் பல வீடுகளில் இதுவே.

துளை உலராதிருக்க யந்திரத்தைச் செய்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அச்சுத்தலை வேலை முடிந்ததும் வலக்கோடிக்கோ இடக்கோடிக்கோ சென்று ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு கிண்ணத்தின்மேல் அமர்கிறது. அக்கிண்ணம் துளைகளை மூடி, உள்ளே ஈரத்தைக் காக்கிறது. பேனாவுக்கு மூடி எப்படியோ, தலைக்கு அக்கிண்ணம் அப்படி. தலை அதில் சரியாக அமர்வது, யந்திரத்தின் சொந்தப் பொத்தானை அழுத்தி நிறுத்தும்போதுதான் உறுதியாகிறது. நம் வீடுகளிலோ சிக்கனமும் முன்ஜாக்கிரதையும் கருதிச் சுவரிலுள்ள விசையை அணைத்துவிடுகிறோம். தலை பாதி வழியில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மூடியில்லாத பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு ஊருக்குப் போவது போன்றதே இது. முதலில் யந்திரத்தின் பொத்தான். அதன் ஓசையெல்லாம் அடங்கி விளக்கு அணைந்த பின்னரே சுவர் விசை. இம்முறை ஒன்றைக் கைக்கொண்டாலே அடைப்பு வெகுவாகக் குறையும் என்பது நம் எண்ணம்.

கருவியின் பேனாவுக்கு வாரந்தோறும் கிடைத்த கவனிப்பை யந்திரத்திற்கும் கொடுக்கலாம். எல்லா நிறமும் கொண்ட சிறு படம் ஒன்றை வாரம் ஒருமுறை அச்சிட்டால் துளையின் வாயிலுள்ள பழைய மை போய்ப் புதிய மை வந்து நிற்கும். கறுப்பெழுத்து மட்டும் கொண்ட தாள் இதற்குப் போதாது. கோடையில் யந்திரத்தை ஜன்னல் வெயிலிலும், மின்விசிறிக்கு நேர் கீழும் வைக்காதிருப்பது நன்று. ஒரு பருத்தித் துணியால் மூடி வைத்தால் தூசியும் அணுகாது. மே மாதப் பயணத்தின்போது திறவுகோலை வைத்திருக்கும் அண்டை வீட்டாரை வாரம் ஒரு தாள் அச்சிடச் சொல்வதும் நடைமுறைக்கு ஒத்ததே. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம் அல்லவா?

ஆனால் அடைப்பு ஏற்பட்டுவிட்டது என்று கொள்வோம். முதலில் அது அடைப்புத்தானா என்று தெளிய வேண்டும். யந்திரத்தின் பராமரிப்புப் பகுதியில் ‘நாசில் செக்’ என்னும் சோதனை இருக்கும். அதை அச்சிட்டால் ஒவ்வொரு நிறத்திற்கும் சிறு கோடுகள் படிக்கட்டுபோல வரும். ஒவ்வொரு கோடும் துளைகளின் கணக்கு. எங்கே கோடு விடுபட்டிருக்கிறதோ அங்கே மை வரவில்லை என்று பொருள். இச்சோதனைத் தாளைத் தேதியிட்டுப் பாதுகாக்குமாறு வற்புறுத்துகிறோம். ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் மறுதாள் எடுத்து ஒப்பிட்டால்தான் நோய் குறைகிறதா, கூடுகிறதா, இடம் மாறுகிறதா என்பது புலப்படும். விடுபட்ட கோடு ஒரே இடத்தில் நிலைத்து நின்றால் அது உலர்ந்த அடைப்பு. ஒருமுறை ஓரிடத்திலும் மறுமுறை வேறோரிடத்திலும் கோடு விடுபடுமானால், அது பெரும்பாலும் உள்ளே புகுந்த காற்றுக் குமிழின் செயல். குமிழுக்கு மருந்து துடைப்பதன்று. யந்திரத்தைச் சில மணி நேரம் சும்மா விட்டுவைப்பதே. தொட்டியில் மை அடிமட்டத்திற்குப் போய்விட்டதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இதைக் கூறுவது மிகையென்று தோன்றலாம். மை தீர்ந்த யந்திரத்தைச் சுத்தம் செய்தோர் பலர்.

அடுத்தபடி யந்திரமே செய்துகொள்ளும் ‘ஹெட் கிளீனிங்’. தலை கிண்ணத்தின்மேல் அமர, கீழேயுள்ள சிறு பம்பு துளைகள் வழியே மையை உறிஞ்சி எடுக்கிறது. பின்பு ரப்பர்ப் பட்டை ஒன்று துளைத் தகட்டைத் துடைக்கிறது. இலேசான அடைப்பு இதிலேயே நீங்கும். ஆனால் இங்கேதான் நம்மவர் பெருந்தவறு செய்கின்றனர். ஒருமுறை பயன் தராவிட்டால் பத்துமுறை செய்கின்றனர். உறிஞ்சிய மை எங்கே போகிறது? யந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சுப் பட்டையில் போய்த் தேங்குகிறது. அப்பட்டை எவ்வளவு மை குடித்தது என்று யந்திரம் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கு நிறைந்ததும் வேலை செய்ய மறுத்துவிடும். மையும் போய், பட்டையும் நிறைந்து, அடைப்பும் நீங்காமல் மூன்று நஷ்டம். இருமுறை, மிஞ்சினால் மும்முறை, அதற்குமேல் வேண்டா. பொத்தானை அழுத்தி முறையாக நிறுத்திவிட்டு, ஓரிரவு விட்டுவிடுக. அந்த ஓய்வு வீணன்று. பின்னாலுள்ள புதிய மையின் ஈரம் முன்னே இறுகிய மையில் மெல்ல மெல்ல ஊறிக்கொண்டிருக்கும். காலையில் இன்னொரு முறை சுத்தம் செய்து சோதனைத் தாளைப் பார்த்தால் வேற்றுமை தெரியக்கூடும்.

இதற்கும் இணங்காவிடில் தண்ணீரின் உதவி வேண்டும். எந்தத் தண்ணீர்? கடக்வாஸ்லா அணையின் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. பல குடியிருப்புகளில் அதனோடு லாரித் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் கலக்கின்றன. ஆழ்குழாய் நீரிலுள்ள உப்புக்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாம் காண்கிறோம். 20 மைக்ரான் துளையில் அப்படிவு நேர்ந்தால் ஓர் அடைப்பை நீக்கி மற்றோர் அடைப்பை வைத்தவர்களாவோம். ஆகவே வாகனப் பாட்டரிக்கு ஊற்றும் வடிநீரே ஏற்றது. அது எங்கும் சொற்ப விலைக்குக் கிடைக்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு இருக்கலாம், கொதிநீர் கூடாது.

மைப்பெட்டியின் அடியிலேயே தலை உள்ள வகை என்றால் வேலை எளிது. பெட்டியை வெளியே எடுத்து, நூலிழை உதிராத துணியை நான்காக மடித்து, வெதுவெதுப்பான வடிநீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு தட்டில் விரித்து, துளைத் தகடு அதன்மேல் படியுமாறு பெட்டியை ஒரு நிமிஷம் அழுத்தாமல் வைக்க வேண்டும். குழந்தையின் நெற்றிக்கு ஒத்தடம் கொடுப்பது போன்ற வேலை இது. ஒற்ற வேண்டுமேயன்றித் தேய்க்கலாகாது. எடுத்துப் பார்த்தால் துணியில் மையின் முத்திரை பதிந்திருக்கும். வண்ணப்பெட்டியாயின் நீலம், சிவப்பு, மஞ்சள் என மூன்று பட்டைகள் தனித்தனியே தெரிய வேண்டும். ஒரு பட்டை வராவிட்டால் மீண்டும் ஒற்றுக; மூன்று நான்கு முறை செய்யலாம். பக்கத்திலுள்ள செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் ஈரமோ விரலோ படலாகாது.

இந்த ஒத்தடம் மற்றொரு நன்மையும் செய்கிறது. துணியில் மை நன்றாகப் பதிந்தும் தாளில் வரவில்லையென்றால் துளை திறந்தே இருக்கிறது. கோளாறு மின்தடையிலோ தொடுபுள்ளியிலோ இருக்கிறது என்று துணியலாம். அதை எத்தனை நீரும் தீர்க்காது. தொடுபுள்ளியை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து, பயனில்லையேல் புதிய பெட்டி வாங்குவதே வழி.

தலை நிலையாகப் பொருந்திய வகைக்கு இதைவிட நிதானம் தேவை. யந்திரத்தை இயக்கி, தலை கிண்ணத்தை விட்டு நகர்ந்ததும் மின்கம்பியை உருவிவிட்டால், தலையைக் கையால் மெதுவாக நகர்த்த இயலும். அப்போது வெறுமையாய் நிற்கும் கிண்ணத்தின் பஞ்சில், ஊசி நீக்கிய சிரிஞ்சால் நாலைந்து துளி வடிநீர் விட வேண்டும். கிண்ணத்தின் ரப்பர் விளிம்பையும், துடைக்கும் பட்டையையும் ஈரத்துணியால் துடைத்து அழுக்கு நீக்குவதும் அவசியம். அழுக்கேறிய விளிம்பு காற்றை உள்ளே விடும். பின்பு கம்பியைச் செருகி, யந்திரத்தை இயக்கி, உடனே பொத்தானால் நிறுத்தினால் தலை தானே வந்து ஈரமான கிண்ணத்தின்மேல் அமரும். இரவு முழுதும் அவ்வாறே இருக்கட்டும். இவ்வேலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலை ஓடும் பாதையின் நெடுக, கண்ணாடி போன்ற மெல்லிய நாடா ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள நுண்ணிய கோடுகளை எண்ணித்தான் தலை தன் இருப்பிடத்தை அறிகிறது. மை படிந்த விரல் அதில் பட்டால், அடைப்புப் போய் வேறு வியாதி வந்து சேரும்.

நம் குடியிருப்பில் விண்ணப்பங்கள் அச்சிட்டுக் கொடுத்துக் குடும்பம் நடத்தும் அம்மையார் ஒருவர் உள்ளார். ஒரு ஜூன் மாதம், பள்ளிச் சேர்க்கை மும்முரமாக நடக்கும் வேளையில், அவருடைய மைத்தொட்டி யந்திரத்தில் கறுப்பு அடியோடு நின்றது. தலையை மாற்ற வேண்டுமென்று கடையில் கூறிவிட்டார்கள். அந்தத் தொகை அவருடைய ஒரு மாத வருமானத்திற்குச் சற்றே குறைவு. ‘தூக்கிப் போடுமுன் மூன்று இரவு கொடுங்கள் அம்மா’ என்று கேட்டுக்கொண்டோம். முதல் இரவு கழிந்த சோதனைத் தாளில் கறுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் காலையில் பாதிக்கு மேல் வந்தது. மூன்றாம் நாள் இரண்டே கோடுகள் விடுபட்டிருந்தன. அவையும் அந்த வார வேலையிலேயே வந்து சேர்ந்தன. முதல் நாள் தாளை மட்டும் பார்த்திருந்தால் யார்தான் நம்பிக்கை இழக்கமாட்டார்?

இதனினும் கடுமையான முறைகளைப் பலர் கூறக் கேட்கிறோம். சிரிஞ்சையும் ரப்பர்க் குழாயையும் தலையில் மாட்டி நீரை அழுத்திச் செலுத்துவது அவற்றுள் ஒன்று. கைதேர்ந்தவர் மிக மெதுவாகச் செய்து பயன் பெறுவதுண்டு. வீட்டில் முதன்முறையாகச் செய்பவருக்கு இதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். அழுத்த வகைத் தலை மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது. கட்டைவிரலின் வேகம் அவ்வொட்டுக்களைப் பிளந்துவிட்டால் ஒரு நிறம் அடுத்த நிறத்தில் கலக்கும். பிறகு அத்தலைக்கு வைத்தியமே இல்லை. ஊசியால் குத்துவது பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. துளையினும் ஊசி பன்மடங்கு பருமன். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வெளிப்புற அழுக்கைத் துடைக்கச் சிறிது பயன்படுத்தலாம். உள்ளே செலுத்துவது உசிதமன்று. சில துகள் மைகள் அது பட்டவுடன் கரைவதற்குப் பதிலாகத் திரிந்த பால்போல் திரண்டுவிடும். மலிவு கருதி வேறு வகை மையைத் தொட்டியில் கலப்பதும் இத்தகைய திரட்சிக்கு வழிவகுக்கக்கூடும்.

நான்கைந்து இரவுகள் முயன்றும் சோதனைத் தாளில் ஒரு கோடுகூடத் திரும்பாவிடில் நிறுத்திக்கொள்வதே விவேகம். அப்போது தலையின் விலையையும் புதிய யந்திரத்தின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்க. வாரம் ஒரு தாள்கூட அச்சிடாத வீட்டுக்கு மற்றொரு இங்க்ஜெட் தேவைதானா என்பதையும் யோசிக்கலாம். லேசர் யந்திரத்தில் மை திரவமன்று, பொடி, பொடி உலர்வதில்லை.

பழைய யந்திரத்தைப் பழைய பேப்பர்க்காரரிடமோ குப்பைத் தொட்டியிலோ போடலாகாது. அச்சு யந்திரமும் அதன் மைப்பெட்டியும் 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலேயே பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவு முறையாக மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் அவை சுமத்துகின்றன. புணேயில் வீடுதோறும் குப்பை பெறும் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பின் பெண்களிடம், மின்னணுக் கழிவு எந்நாளில் எங்கே பெறப்படுகிறது என்று கேட்டறியலாம். ஒப்படைக்குமுன் தொட்டியின் மூடிகளை இறுக்கி, யந்திரத்தைச் சாய்க்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். பஞ்சுப் பட்டையில் தேங்கிய மை அவர்களுடைய கையிலும் சேலையிலும் ஒழுகினால் எளிதில் போகாது.